எட்டு மணி நேர விருந்தாளிகள்



நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மில் பலருக்கு மும்பையின் வாசல் தாதர் ரயில் நிலையமே. ஆனால் இந்நகருக்குக் கடல் வழியாகவும் ஒரு வாசல் உண்டு. அது தாதருக்குத் தெற்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தூரத்திலுள்ள பல்லார்டு பியர் துறைமுகம். மகாராஷ்டிரத்தின் தலைநகராகிய மும்பையில் உல்லாசக் கப்பல்கள் ஒரு பகல் நின்று புறப்படுகின்றன. அவற்றின் பயணிகளுக்காக 2025ஆம் ஆண்டில் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிங்கப்பூரில் வாழும் வயதான தமிழ்த் தம்பதியர் அப்படியொரு கப்பலில் வந்தார்கள். அவர்கள் நமது சபை மூப்பர் ஒருவருடைய உறவினர். காலை எட்டு மணிக்கு இறங்கி, மாலை நான்கு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். ஒரு பகல் மட்டும் இறங்குவதற்கும் அயல்நாட்டவருக்கு விசா அவசியம் என்பதால் முன்னதாகவே பெற்றிருந்தார்கள்.

அவர்களுக்குக் காட்ட வேண்டிய இடங்களை நான் குறித்து வைத்திருந்தேன். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டு, 1924இல் திறக்கப்பட்ட கேட்வே ஆஃப் இந்தியா முதலாவது. 1948 பிப்ரவரி 28 அன்று ஆங்கிலேயரின் கடைசிப் படைப்பிரிவு அந்த வாயில் வழியாகவே நாட்டை விட்டு வெளியேறியது. அடுத்தது, 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த சத்ரபதி சிவாஜி ரயில் நிலையம். எலிபெண்டா தீவுக்குப் படகில் செல்லவே ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே அதை விட்டுவிட்டேன்.

அந்தப் பெரியவரோ, “பாஸ்டர் ஐயா, ஆறு வயது வரை நான் தாராவியில் வளர்ந்தவன். என் தகப்பனார் அங்கே தோல் பதனிடும் இடத்தில் வேலை செய்தார். அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்” என்றார்.

நான் தயங்கினேன். “அங்கே நெரிசல் அதிகம், ஐயா” என்றேன். அது உண்மைதான்; ஆனால் முழு உண்மையல்ல. அந்தக் குறுகிய சந்துகளையும் திறந்த சாக்கடைகளையும் வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குக் காட்ட எனக்கு வெட்கமாயிருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அந்தச் சந்துகளில் வீடு வீடாகச் சென்று ஜெபித்தவன் நான். என் சொந்த ஜனங்களைக் குறித்தா வெட்கப்பட்டேன் என்று என் இருதயம் என்னைக் குத்தியது.

டாக்சியில் புறப்பட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நெல்லைத் தமிழர்கள் தோல் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தார்கள். அந்நாளைய தோல் பதனிடும் கூடங்கள் பல இன்று இல்லை. பைகளும் வார்களும் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. பெரியவர் தேடிய இடமும் கிடைக்கவில்லை. ஒரு பட்டறையில் அவர் சிறிய பணப்பை ஒன்றைக் கையிலெடுத்து முகர்ந்தார். “அப்பாவின் சட்டையில் இந்த வாசனைதான் இருக்கும்” என்று சொல்லி, வெகு நேரம் மௌனமாக நின்றார். பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவர் யார், எவர் என்று கேளாமலே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் கேட்வேயை டாக்சியின் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தார்கள். அவர்களுக்கு அதில் சிறிதும் குறையில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில், பவுல் சென்ற கப்பல் சீதோன் துறைமுகத்தில் நிற்கிறது. கைதியாகிய அவர் தம் சிநேகிதரிடம் போய்ப் பராமரிப்படைய யூலியு என்னும் நூற்றுக்கு அதிபதி அனுமதிக்கிறான். சீதோனின் கட்டடங்களைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. சிநேகிதரைப் பற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

பிரியமானவர்களே, உங்கள் உறவினர் கப்பலில் வந்து ஒரு பகல் இறங்கினால், நகரத்தின் பெரிய கட்டடங்களைக் காட்டுங்கள், அது நல்லது. ஆனால் உங்கள் வீட்டையும் சந்தையும் மறைக்காதேயுங்கள். வருகிறவர்களும் அங்கே வாழ்கிறவர்களைக் கேளாமல் படம் எடுக்க வேண்டாம். உங்கள் பிள்ளைகளையும் ஒரு நாள் அழைத்துச் சென்று, தாத்தா எங்கே இறங்கினார், எங்கே உழைத்தார் என்று காட்டுங்கள். வெட்கப்பட வேண்டியது அந்தச் சந்துகளைக் குறித்தல்ல; அவற்றை மறைக்க நினைத்த என்னைப் போன்ற மனதைக் குறித்தே.