கொள்கலன் படிமங்களும் மென்பொருள் சோதனையும்

கொள்கலன் படிமம் என்பது ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான நூலகங்கள், கருவிகள், அமைப்புகள் ஆகியவற்றை நிரலோடு சேர்த்துக் கட்டி வைத்த தொகுப்பு ஆகும். படிமத்தை இயக்கும்போது உருவாவது கொள்கலன். மெய்நிகர் கணினியைப் போல இதற்குத் தனிக் கருநிரல் கிடையாது. தான் ஓடும் கணினியின் லினக்ஸ் கருநிரலையே பகிர்ந்துகொள்கிறது. 2013இல் டாக்கர் வெளிவந்த பிறகே இம்முறை பரவலாயிற்று. படிமத்தின் வடிவத்தைப் பொதுவாக்கும் முயற்சி 2015இல் தொடங்கியதால், டாக்கரில் கட்டிய படிமம் இன்று பாட்மேனிலும் ஓடுகிறது.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பயிற்சி தரும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் இப்பகுதியில் இயங்குகிறது. இவ்விரு ஊர் மாணவர்கள் இருவர் சேர்ந்து ஊர்ப்பெயர் தேடும் நிரல் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். பெயர்ப்பட்டியல் தமிழ் அகராதி வரிசையில் உள்ளது: விக்கிரவாண்டி, விருதுநகர், வில்லியனூர், விழுப்புரம், விளாத்திகுளம். நிரல் பட்டியலின் நடுவில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடுகிறது.

விழுப்புரத்து மாணவரின் கணினியில் தமிழ் வட்டார அமைப்பு நிறுவிய உபுண்டு இருக்கிறது. அங்கே ழகரத்துக்குப் பின் ளகரம் வரும். எல்லாப் பெயரும் கிடைக்கும். திண்டிவனத்து மாணவரோ அளவில் சிறியது என்பதற்காக ஆல்பைன் படிமத்தை எடுத்துக்கொள்கிறார். அதிலுள்ள மசல் என்னும் சி நூலகம் எழுத்துகளை யூனிகோடு எண்ணைக் கொண்டே ஒப்பிடும். யூனிகோடு அட்டவணையில் ளகரம் ழகரத்துக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே விளாத்திகுளத்தைத் தேடினால், நிரல் முதலில் வில்லியனூரைப் பார்த்து வலப்பக்கம் போகும்; அடுத்து விழுப்புரத்தைப் பார்த்து இடப்பக்கம் திரும்பும்; அங்கே ஒன்றுமில்லை. பட்டியலில் இருக்கும் ஊரையே இல்லை என்று சொல்லிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கவலைக்குரியது. ஊர்ப்பெயருக்குப் பதில் உதவித்தொகைப் பட்டியலில் ஒரு மாணவியின் பெயர் இப்படி விடுபட்டால் என்ன ஆகும்?

இருவரும் ஒரே படிமத்தில் சோதித்தால் இந்த வேறுபாடு எழாது. டாக்கர்ஃபைல் என்னும் கோப்பில் டெபியன் அடிப்படைப் படிமம், தமிழ் வட்டார அமைப்பு, தேவையான நூலகங்கள், இறுதியாக நிரல் என வரிசையாக எழுதி, அக்கோப்பை நிரலோடு கிட் களஞ்சியத்திலேயே வைக்க வேண்டும். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. படிமம் அடுக்கடுக்காகக் கட்டப்படுகிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்கு மேலுள்ளவை அனைத்தும் மீண்டும் கட்டப்படும். அடிக்கடி மாறும் நிரல் கடைசியில் இருந்தால் மற்ற அடுக்குகள் அப்படியே பயன்படும். கைபேசி இணையத்தை நம்பி வேலை செய்யும் மாணவருக்கு இது சிறிய சேமிப்பு அன்று.

களஞ்சியத்தில் புதிய மாற்றம் சேர்ந்தவுடன், கிட்லேப் போன்ற தளத்தின் தானியங்கி வரிசை படிமத்தை ஒருமுறை கட்டும். அதற்குள்ளேயே சோதனைகளை ஓட்டும். அனைத்தும் தேறினால் மட்டுமே படிமத்தைப் பதிவகத்துக்கு அனுப்பும். சோதனை முடிந்தபின் வெளியீட்டுக்கென்று மறுபடியும் கட்டுவது பலரிடம் உள்ள வழக்கம். அப்படிச் செய்தால் சோதித்தது ஒன்று, வெளியிட்டது வேறொன்று என்று ஆகிவிடக்கூடும். அடிப்படைப் படிமத்தை 'லேட்டஸ்ட்' என்று குறிப்பதும் இதே வகையானது. இன்று அப்பெயர் சுட்டும் படிமம் அடுத்த மாதம் வேறாக இருக்கலாம். பதிப்பு எண்ணைக் குறிப்பது மேல். எஸ்எச்ஏ256 கைரேகையைக் குறிப்பது அதனினும் உறுதி. கடவுச்சொற்களைப் படிமத்துக்குள் வைக்கவே கூடாது; மேலடுக்கில் அழித்தாலும் கீழடுக்கில் அவை இருந்துகொண்டே இருக்கும்.

படிமம் எல்லா வேறுபாட்டையும் போக்கிவிடாது. கருநிரல் பகிரப்படுவதால் அதைச் சார்ந்த பிழைகள் கணினிக்குக் கணினி மாறலாம். இன்டெல் செயலிக்குக் கட்டிய படிமம் ஆர்ம் செயலி கொண்ட ராஸ்பெர்ரி பையில் நேரடியாக ஓடாது. இரண்டுக்கும் தனித்தனியே கட்டி, தனித்தனியே சோதிக்க வேண்டும்.