மிஞ்சும் மின்சாரத்தில் வெந்நீர்

கூரையில் சூரிய மின்தகடு. கீழே 12 வோல்ட் காரீய-அமிலச் சேமக்கலம். நல்ல வெயில் நாளில் நண்பகலுக்குள்ளேயே சேமக்கலம் நிறைந்துவிடுகிறது. அதற்குமேல் வரும் மின்சாரம் என்ன செய்யும்? தட்டுகளில் மாற்றுவதற்குக் காரீய சல்பேட் தீர்ந்துபோனதால், அமிலத்திலுள்ள நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். நீர் குறையும், ஹைட்ரஜனோ எளிதில் தீப்பற்றும் வாயு. இந்த மின்சாரத்தை ஒரு சூடேற்றிக்குத் திருப்பினால் வெந்நீராவது கிடைக்குமே!

கலம் நிறைந்ததை மின்னழுத்தம் காட்டிக்கொடுக்கும். அறை ஒன்றுக்கு ஏறக்குறைய 2.4 வோல்ட், ஆறு அறைகளுக்கு 14.4 வோல்ட் வந்ததும், ஒரு மின்னணுச் சுற்று ரிலேயின் கம்பிச்சுருளுக்குச் சிறு மின்னோட்டத்தை அனுப்புகிறது. சுருள் காந்தமாகி இரும்புத் துண்டை இழுக்க, தொடுமுனைகள் சேர்ந்து சூடேற்றி இயங்குகிறது.

சங்கடம் இனிமேல்தான். சூடேற்றி மின்னோட்டத்தை இழுத்தவுடன் அழுத்தம் சரியும். உடனே ரிலே விட்டுவிட்டால், அழுத்தம் மறுபடி ஏறும். ரிலே மறுபடி இழுக்கும். இப்படி 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே இருந்தால் தீப்பொறியில் தொடுமுனைகள் கருகும். சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் சேமக்கலம் முழுவதும் வடிந்து, இரவில் விளக்கு எரியாது. ஆகவே சேர்வதற்கு 14.4, பிரிவதற்கு 13.2 என்று இரண்டு எல்லைகளை வைப்பார்கள்.

240 வாட் சூடேற்றி 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கும். நேர்த்திசை மின்னோட்டத்தின் பொறி எளிதில் அணையாது. அதைத் தாங்கும் ரிலேயாகவே பார்த்து வாங்க வேண்டும். அந்தச் சூடேற்றி தொடர்ந்து இயங்கினால், 10 லிட்டர் நீரின் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் சுமார் 20 டிகிரி செல்சியஸ் உயரும். தொட்டியில் ஒரு தெர்மோஸ்டாட்டையும் சூடேற்றியுடன் தொடராக இணைத்துவிடுங்கள். நீர் கொதிக்குமுன் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.