ஊருக்கு ஒன்பது சென்ட்

ஒரு கிராமம் தன் காரியத்தைத் தானே நடத்திக்கொள்ளும் சக்தி படைத்ததா என்பதை அறிய விரும்புவோர், அவ்வூர்ப் பஞ்சாயத்து ஆபீஸின் தஸ்தாவேஜுகளைப் புரட்ட வேண்டியதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவ்வூரின் கைப்பந்து மைதானத்துக்குப் போனால் போதும். கோடு நேராகப் போடப்பட்டிருக்கிறதா, வலை தளராமல் கட்டப்பட்டிருக்கிறதா, தரையில் கல் பொறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். இந்த வேலைகளுக்குச் சம்பளம் வாங்கும் ஆள் எந்தக் கிராமத்திலும் இல்லை. இவை ஒழுங்காக நடந்திருக்குமானால், கைம்மாறு கருதாமல் உழைப்பவர் நாலு பேராவது அவ்வூரில் இருக்கிறார்கள் என்று தீர்மானித்துவிடலாம்.

கன்னியாகுமரி ஜில்லாவில் இந்தப் பரீட்சையில் தேறும் ஊர்கள் பல. நாஞ்சில் நாட்டு வயலோரங்களிலும், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் விளைகளிலும், மேற்கே கடலோரத்து மணலிலும் பொழுது சாயும் நேரத்தில் கைப்பந்து ஆடும் வாலிபர்களைக் காணலாம். இந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள் பெரிய தனவந்தர்களல்லர். பள்ளி ஆசிரியர்களும், கடைச் சிப்பந்திகளும், மீன் பிடிப்போரும், ரப்பர் பால் வெட்டுவோரும், வளைகுடா நாடுகளில் உழைத்துச் சிறு தொகை அனுப்புவோருமே இந்தச் சங்கங்களின் தூண்கள்.

கைப்பந்தாட்டம் நமது சொந்தச் சரக்கு என்று நாம் பெருமை பேசுவதற்கில்லை. அது பிறந்தது அமெரிக்காவில். 1895-ஆம் வருஷத்தில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ஹோல்யோக் நகரில், ஒய்.எம்.ஸி.ஏ. என்னும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் தேகாப்பியாச ஆசிரியராயிருந்த வில்லியம் மார்கன் என்பவர் அதை வகுத்தார். அதற்கு நான்கு வருஷம் முன்னர் தோன்றிய கூடைப்பந்தாட்டம் நடுத்தர வயதினருக்குச் சற்று முரடாக இருந்தது. ஆகவே அவர் டென்னிஸ் வலையை உயர்த்திக் கட்டி, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஆடும் ஓர் ஆட்டத்தை ஏற்படுத்தினார். அந்தச் சங்கத்தாரே அதை ஆசியாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1916-ஆம் வருஷத்தில் அது கொழும்பு போய்ச் சேர்ந்தது. 1991-இல் இலங்கையின் தேசிய விளையாட்டு என்னும் அந்தஸ்தையும் பெற்றது. சென்னையில் 1920-இல் ஹாரி க்ரோ பக் என்பவர் அதே சங்கத்தின் சார்பில் தேகாப்பியாசக் கலாசாலை ஒன்றை ஸ்தாபித்தார். அங்கே பயின்ற ஆசிரியர்கள் தென்னாட்டுப் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று, நமது பிள்ளைகளின் கையில் பந்தைக் கொடுத்தார்கள்.

இவ்வாட்டத்துக்கு உண்மையான ஜீவனைக் கொடுத்தவர்கள் ஆசியாக்காரர்களே என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒருவன் பந்தை உயர எடுத்துக்கொடுக்க, மற்றொருவன் எம்பி அதை எதிர்த் தரையில் அறைந்து வீழ்த்தும் முறை, 1916-ஆம் வருஷத்தை ஒட்டிப் பிலிப்பைன்ஸ் தீவுகளில் உருவாயிற்று. அப்போது அத்தீவினர் அமெரிக்கரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவர்கள். எஜமானன் கொண்டுவந்த விளையாட்டை எஜமானனே வியக்கும்படி அவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். இரவல் வாங்கிய பொருளைத் தனதாக்கிக்கொள்ளத் தெரிந்த ஜனசமூகம் எக்காலத்திலும் அடிமைச் சமூகமாயிராது.

கைப்பந்தாட்டம் நமது ஜில்லாவில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணம் என்ன? கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி இந்த ஜில்லாவில் 18,70,374 பேர் வசிக்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டின் சராசரியோ 555. சென்னைக்கு அடுத்தபடியாக நெருக்கம் மிகுந்த ஜில்லா அன்று இதுவே. இங்கே நிலம் சென்ட் கணக்கில்தான் விலை பேசப்படுகிறது. கால்பந்து மைதானத்துக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர் வேண்டும். கிரிக்கெட்டுக்கு அதைவிட அதிகம். கைப்பந்துக் களமோ 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். அதாவது 162 சதுர மீட்டர். சரியாக நான்கு சென்ட். சுற்றிலும் ஓடியாட மூன்று மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்டுக்குள் முடிந்துவிடும். ஒரு வீட்டு மனையில் ஓர் ஊரின் வாலிபர் கூட்டத்துக்கே இடம் கிடைக்கிறது. ஏழை தேசத்துக்கு இதைவிடச் சிக்கனமான விளையாட்டு வேறில்லை.

ஒரு சங்கம் வளரும் விதத்தைக் கவனித்தால், நமது ஊர்களில் அது பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கிறது. கும்பப்பூ அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், பத்துப் பிள்ளைகள் இரண்டு கமுகந்தடியை நட்டுக் கயிறு கட்டுகிறார்கள். அடுத்த சாகுபடி தொடங்கும்போது அவர்கள் வயலைவிட்டு விலக வேண்டும். பிறகு ஒரு நல்ல மனிதர் தம் தென்னந்தோப்பின் மூலையை விட்டுக்கொடுக்கிறார். அப்போதுதான் தொண்டர்களின் வேலை ஆரம்பமாகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்னும் இரண்டு மழையும் பெய்கிற ஜில்லா இது. ஆகவே வருஷத்தில் இருமுறை களம் சேறாகிறது. இருமுறையும் மணல் அடித்து நிரப்ப வேண்டும். சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். கிழிந்த வலையைத் தைக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போக வேண்டும். கொடுப்பவனும் உண்டு, கேலி செய்பவனும் உண்டு. இரண்டையும் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் தொண்டு.

பின்னர் ஒரு பெயரும், காரியதரிசியும், பொக்கிஷதாரும் ஏற்படுகிறார்கள். ஓணத்துக்கோ பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ கோயில் திருவிழாவுக்கோ மின்னொளிக் கைப்பந்துப் பந்தயம் அறிவிக்கப்படுகிறது. அந்த இரண்டு இரவுகளுக்காகத் தொண்டர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. விளக்குக்கு ஒருவர், ஒலிபெருக்கிக்கு ஒருவர், போலீஸ் அனுமதிக்கு ஒருவர் என்று அலைகிறார்கள். வெளியூர்க் கோஷ்டிகளுக்கு இவர்கள் வீட்டுத் திண்ணையே சத்திரம். இவர்கள் வீட்டுப் பெண்கள் சமைப்பதே சாப்பாடு. மேடையில் மாலை விழுவது பிரமுகர்களின் கழுத்தில். எனினும் மறுநாள் காலையில் கூளம் கூட்ட வருகிறவர்கள் அதே தொண்டர்கள்தாம். கணக்கு வைத்தல், சண்டை தீர்த்தல், தோல்வியை ஒப்புக்கொள்ளுதல், பொதுப்பணத்தைத் தொடாதிருத்தல் ஆகிய சுயராஜ்யப் பாடங்களை அவர்கள் அங்கே கற்றுக்கொள்கிறார்கள்.

மற்றொரு பாடமும் இவ்வாட்டத்தில் இருக்கிறது. எதிர்க்கட்சியின் கையிலிருந்து பந்து போடும் உரிமை திரும்பும்போதெல்லாம், ஆறு பேரும் ஓரிடம் நகர வேண்டும் என்பது விதி. முன்வரிசையில் நின்றவன் பின்னுக்குப் போகிறான். பின்னால் நின்றவன் முன்னுக்கு வருகிறான். 1998-இல் லிபரோ என்னும் தனிக் காப்பாளர் இடம் ஏற்பட்டபோதிலும், மற்றவர்களுக்கு இவ்விதி மாறவில்லை. பிறந்த இடமே நிலைத்த இடம் என்று பல நூற்றாண்டு சாதித்த தேசத்துக்கு இதன் பொருள் விளங்காமற் போகாது. சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சகல ஜாதியாரும் நடமாட வேண்டுமென்று 1926-இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12-ஆம் தேதிதான் வந்தது. தெருவில் நடக்கவே போராட வேண்டியிருந்த மண்ணில், ஒரே பந்தை எல்லோரும் தொட்டு ஆடுவது சாமானிய மாறுதலல்ல. ஆனால் ஜாதிக்கொரு சங்கம், கோயிலுக்கொரு களம், கோயிலுக்கு எதிராகச் சர்ச்சுக்கொரு களம் என்று பிரித்துக்கொண்டால், வலையின் இரு புறமும் பழைய வேலியே நிற்கும். பொதுக்களம் என்பதற்குப் பொதுவான அர்த்தம் ஒன்றுதான் இருக்கலாம்.

சிற்றூர்ச் சங்கத்தால் பெரிய காரியம் ஆகுமா என்று கேட்போருக்கு இரண்டு உதாரணங்கள் சொல்லுகிறோம். நமது அண்டை நாடாகிய கேரளத்தில், கண்ணூர் ஜில்லாவிலுள்ள பேராவூர் ஒரு மலையோரச் சிற்றூர். அங்கே ஒரு தகப்பனார் தம் எட்டுப் புதல்வர்களுக்கும் கைப்பந்து பழக்கினார். அவர்களுள் 1955-இல் பிறந்த ஜிம்மி ஜார்ஜ் ஐரோப்பா சென்று, இத்தாலியச் சங்கங்களுக்கு ஆடி உலகப் புகழ் பெற்றார். 1986-இல் ஸியோல் நகரில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்த ஆசிய விளையாட்டுகளிலும் அவர் ஆடினார். 1987-இல் இத்தாலியில் மோட்டார் விபத்தில் மாண்ட அவருடைய பெயரைத் திருவனந்தபுரத்து உள்ளரங்கம் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது உதாரணம் ஜப்பான். 1964 அக்டோபர் 23-ஆம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானியப் பெண்கள் கோஷ்டி சோவியத் கோஷ்டியை மூன்று ஆட்டத்திலும் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அப்பெண்களில் பெரும்பாலோர் கைசுகா என்னுமிடத்திலிருந்த ஒரு நூற்பாலையின் சிப்பந்திகள். பகலில் ஆலை வேலை, மாலை முதல் நள்ளிரவு வரை பயிற்சி என்பது அவர்கள் வாழ்க்கை. பேராவூரில் தகப்பனாரின் சிரத்தையும் கைசுகாவில் ஆலையின் ஆதரவும் நிலைத்து நின்றன. ஆடும் இடம் நாளைக்கு இருக்குமோ இராதோ என்ற கவலையோடு எந்தப் பயிற்சியும் இவ்வளவு தூரம் போகாது.

நமது சங்கங்களைப் பிடித்திருக்கும் நோய் இங்கேதான் இருக்கிறது. மைதானம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இரவல் நிலம். நிலத்தைக் கொடுத்தவர் கண்ணை மூடினால், பிள்ளைகள் பாகம் பிரிக்கிறார்கள். சென்டுக்கு விலை ஏறினால், சர்வே கல் நடப்படுகிறது. நாஞ்சில் நாட்டு வயல்கள் வீட்டு மனைகளாகும் வேகத்தை எல்லோரும் பார்த்துக்கொண்டுதானிருக்கிறோம். கடற்கரையிலோ, அலை அரித்துக் கரையே குறுகுகிறது. இருபது வருஷம் உழைத்து வளர்த்த சங்கம் ஒரு கிரயப் பத்திரத்தில் மடிகிறது. தொண்டர்கள் சோர்ந்து போகிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியோடு திண்ணைக்குப் போகிறார்கள். சிலர் மதுக்கடைக்குப் போகிறார்கள்.

அரசாங்கம் உதவுகிறதே என்பர் சிலர். உதவுகிறது, மறுக்கவில்லை. 2024-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுக் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நாகர்கோவிலில் அண்ணா விளையாட்டரங்கமும் இருக்கிறது. ஆனால் பந்து மூட்டையைப் பிரித்து ஆடுவதற்கு ஊரில் தரை வேண்டாமா? பெரிய பரிசுத் தொகை வைத்தால் விளையாட்டு வளரும் என்பர் வேறு சிலர். பரிசு பெருத்த இடங்களில் சில சங்கங்கள் வெளியூர் ஆட்டக்காரரைக் கூலிக்கு அமர்த்தி, உள்ளூர்ப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க வைக்கின்றன. அந்தப் பணத்தில் பாதியை மிச்சம் பிடித்திருந்தால் நிலத்துக்கு முன்பணமாவது கொடுத்திருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வோர் ஊரும் ஒன்பது சென்ட் நிலத்தைப் பொதுவின் பெயரில் நிலைநிறுத்த வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலான நிலத்தில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அந்தப் பங்கு தங்கள் ஊரில் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று சங்கத்தார் கேட்கட்டும். பள்ளி விட்ட பிறகு பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்களைச் சாயங்காலத்தில் திறந்துவிடும்படி பஞ்சாயத்தார் வற்புறுத்தட்டும். அந்தக் களத்தில் பெண்களுக்கும் நேரம் ஒதுக்கப்படட்டும். ஆண்களுக்கு 2.43 மீட்டர் உயரத்தில் கட்டும் வலையை 2.24 மீட்டருக்குத் தாழ்த்த ஐந்து நிமிஷம் போதும். மனசைத் தாழ்த்துவதற்குத்தான் நேரம் பிடிக்கிறது.

திருவிதாங்கூரோடு இருந்த நான்கு தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி ஜில்லாவானது 1956 நவம்பர் முதல் தேதி. 2022 முதல் அதே நவம்பர் முதல் தேதி உள்ளாட்சி தினமாகவும் அனுஷ்டிக்கப்பட்டு, அன்று கிராம சபை கூடுகிறது. ஜில்லா பிறந்த நாளும் ஜனங்கள் கூடும் நாளும் ஒன்றாயிருப்பது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம். இந்த வருஷம் அன்றைக்கு ஒவ்வொரு கிராம சபையிலும் ஒருவர் எழுந்து நின்று, "நமது பிள்ளைகளுக்கு ஒன்பது சென்ட்" என்று தீர்மானம் கொண்டுவரட்டும். அதை வழிமொழிய அரசியல் ஊழியர் எவரும் தயங்க வேண்டியதில்லை. கோடு போடவும் மணல் சுமக்கவும் தொண்டர்கள் தயாராயிருக்கிறார்கள். அவர்கள் காலடியில் தரை இருக்கும்படி செய்வது மற்ற எல்லோருடைய கடமை.