வீட்டைப் பூட்டும் முன் ஏ.சி.யைக் கவனியுங்கள்!

ரிமோட்டை அழுத்தினால் மட்டும் போதாது

“என்னங்க, ஏ.சி.யை அணைச்சீங்களா?”

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும் பல குடும்பங்களில், ஆட்டோ தெரு முனையைத் தாண்டிய பிறகுதான் இந்தக் கேள்வி பிறக்கிறது. “ரிமோட்டிலே அணைச்சுட்டேன்” என்று பதில் வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி!

ஆனால், ரிமோட்டில் அணைத்த ஏ.சி. முழுதாக அணைவதில்லை. அது கோழித் தூக்கம் தூங்குகிறது. அவ்வளவுதான்!

கோழித் தூக்கம்

ரிமோட்டை அழுத்தினால் எந்திரத்தின் ஓட்டம் நிற்கும். மின்சாரம் நிற்காது. “மறுபடி எப்போது கூப்பிடுவார்கள்?” என்று எந்திரம் காத்துக் கொண்டே இருக்கும். அதன் உள்ளே இருக்கும் மின்னணு அட்டைக்கு இரவும் பகலும் மின்சாரம் போய்க் கொண்டிருக்கும்.

இதற்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். 5 வாட் என்று வைத்துக் கொண்டால், 30 நாளில் 3.6 யூனிட். ஸ்டெபிலைசர் இருந்தால் அது தனி. காசு பெரிதல்ல. ஆபத்துதான் பெரிது!

ஆபத்து எப்படி வருகிறது?

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்து விட்டால், சில வீடுகளில் அது 400 வோல்ட்டை நெருங்கக் கூடும். கோடை மழையோடு இடியும் மின்னலும் வரும். பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலின் வேகம் கம்பி வழியாக வீட்டுக்குள் நுழையும். சுவரில் மாட்டிய வெளிப் பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் புகுந்து மின் இணைப்பில் சிக்குவதும் உண்டு.

அட்டை கருகி விடும். நல்ல காலமாக இருந்தால் நஷ்டம் அதோடு போகும். இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். வீட்டில் ஆள் இருந்தால், கருகல் வாசனை வந்த உடனே அணைத்து விடுவார்கள். பூட்டிய வீட்டில் அணைப்பது யார்?

எனவே, ஏ.சி.க்கு என்று தனியாக உள்ள எம்.சி.பி. சுவிட்சைக் கீழே தள்ளுங்கள். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானாக விழுந்து விடுமே, அந்தச் சுவிட்சுதான் எம்.சி.பி. பிளக்கில் செருகிய ஏ.சி.யாக இருந்தால், பிளக்கையும் கழற்றி விடுங்கள். மின்னலுக்கு அதுவே நல்ல காப்பு.

வீட்டு மெயினை அணைக்கும் முன், பிரிஜ்ஜில் பண்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெயினைத் தொட வேண்டாம்.

ஓட விட்டுப் போகலாமா?

“பூட்டிய வீடு சூடேறி விடும். திரும்பி வந்து குளிர வைக்க அதிகக் கரண்டு ஆகும். ஏ.சி.யை மெதுவாக ஓட விட்டுப் போவதே லாபம்” என்று சிலர் சொல்கிறார்கள். இது சரியா?

சரியல்ல! ஓட்டைப் பானையைப் பத்து நாளும் நிரப்பிக் கொண்டே இருப்பதும், தேவைப்படும்போது ஒரு தடவை நிரப்புவதும் ஒன்றாகுமா?

கணக்குப் பாருங்கள். ஒன்றரை டன் ஏ.சி.யின் கம்ப்ரசர் ஓடினால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் ஆகும். 10 நாளுக்கு 240 மணி. அதில் பாதி நேரம் கம்ப்ரசர் ஓய்ந்திருந்தாலும் 180 யூனிட்! திரும்பி வந்து அறையைக் குளிர வைக்க இரண்டு மணி நேரம் ஆனாலும், 3 யூனிட்டோடு முடிந்து விடும்.

ஈரத்தோடு அணைக்காதீர்கள்!

இன்றைய ஏ.சி.க்கு வழி காட்டியவர் அமெரிக்க எஞ்சினீயர் வில்லிஸ் கேரியர். 1902-ம் ஆண்டில் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக அவர் அதைத் திட்டமிட்டார். மனிதருக்குக் குளிர்ச்சி தருவதற்காக அல்ல. காற்றில் இருந்த ஈரத்தால் காகிதம் உப்பி, வண்ண அச்சு விலகிப் போனதைத் தடுப்பதற்காக!

இன்றும் ஏ.சி. காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்த ஈரம் உள்ளே தங்கி விட்டால், பூட்டிய வீட்டில் பூஞ்சை பிடிக்கும். திரும்பி வந்து ஏ.சி.யைப் போட்டதும் முடை நாற்றம் வீசும். குழந்தைகளுக்கு இருமலும் தும்மலும் வரலாம்.

இதற்கு வழி எளிது. புறப்படும் நாளில், குளிர்ச்சி இல்லாமல் விசிறி மட்டும் ஓடும்படி ஒரு மணி நேரம் விடுங்கள். உள்ளே உலர்ந்து விடும். வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். பிறகு ரிமோட்டில் அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து எம்.சி.பி.யைத் தள்ளுங்கள். மேற்கு ஜன்னலின் திரையை இழுத்து விடுங்கள்.

திரும்பி வந்ததும்

முதலில் ஜன்னல்களைத் திறந்து வெக்கையை வெளியே விடுங்கள். தண்ணீர் வடியும் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே ஏ.சி.யைப் போடுங்கள்.

16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. எந்திரம் தன் முழு வேகத்துக்கு மேல் ஓடாது. 24 டிகிரி போதும். நட்சத்திர முத்திரை பெற்ற வீட்டு ஏ.சி.க்கள் 24 டிகிரியிலேயே ஓடத் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு செய்த விதி, 2020 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தது.

பாட்டி வீட்டில் இருந்தால்...

வயதானவர் யாராவது வீட்டில் தங்கினால், இந்தச் சிக்கனக் கணக்கு எதுவும் வேண்டாம். கடும் வெயில் முதியவர்களின் உயிருக்கே உலை வைக்கும். அவர்களுக்கு ரிமோட்டைப் பழக்கிக் கொடுங்கள். புது பேட்டரி போட்டு வையுங்கள். “கரண்டு பில் ஏறும்” என்று பயந்து அவர்கள் அணைத்து விடாமல் இருக்க, தைரியம் சொல்லி விட்டுப் போங்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறோம். உள்ளே இருக்கும் சிறிய சுவிட்சை ஒரு தடவை கீழே தள்ளினால் போதும். ஊரில் போய் நிம்மதியாகத் தூங்கலாம்!