பட்டத்துக்குப் பிறகு ஒரு பந்தயம்

டாக்டர் பட்டம் கையில். நிரந்தர வேலை எட்டாத தூரத்தில். இடைப்பட்ட ஆண்டுகளைக் கடக்க ஃபெலோஷிப் தேடி அலையும் இளம் ஆய்வாளர்களுக்குச் சவால் போட்டியாளர்கள் மட்டுமல்ல. காலண்டரும்தான்.

கணக்கு எளிமையானது. 21 வயதில் பி.எஸ்சி. 23 வயதில் எம்.எஸ்சி. நெட் தேர்வு எழுதவும் நல்ல கைடு கிடைக்கவும் ஓர் ஆண்டு. பிஎச்.டி.க்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டு. எங்கும் தடுக்கி விழாமல் ஓடி வந்த மாணவர் ஒருவர் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளும்போது அவருக்கு வயது 29 அல்லது 30 ஆகியிருக்கும். கல்லூரி நண்பர்கள் வீட்டுக் கடனில் பாதியை அடைத்திருப்பார்கள். இவரோ அடுத்த விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருப்பார்.

அந்தப் படிவத்தின் பெயர் போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், தன் கைடின் நிழலிலிருந்து விலகி வேறொரு ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் சொந்தமாக ஆய்வு செய்வதற்கான உதவித்தொகை. பேராசிரியர் வேலைக்கு இது முதல் படி என்று சொல்லப்படுகிறது. படியில் நிற்பவர்களின் எண்ணிக்கையோ பெருகிக்கொண்டே போகிறது. மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2014-15இல் நாட்டில் பிஎச்.டி. படித்தவர்கள் 1.17 லட்சம் பேர். 2021-22இல் இது 2.13 லட்சம்.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1958லேயே, வெளிநாட்டில் படித்துத் திரும்பும் விஞ்ஞானிகள் வேலை கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கட்டும் என்று சி.எஸ்.ஐ.ஆர். 'விஞ்ஞானிகள் தொகுப்பு' என்ற ஏற்பாட்டைச் செய்தது. இன்று சி.எஸ்.ஐ.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் ஆராய்ச்சி அசோசியேட் பதவிகளைத் தருகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் ஒரு ஃபெலோஷிப்பை அறிவித்தது. சமூக அறிவியல் துறையினருக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். இருக்கிறது. சிம்லாவில் வைஸ்ராய் வாழ்ந்த மாளிகையில் இயங்கும் இந்திய உயராய்வு நிறுவனம் வரலாறு, தத்துவம், இலக்கியம் ஆய்பவர்களுக்கு இடம் தருகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் போன்றவை தாங்களே ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன.

அறிவியல் துறையினர் அதிகம் நாடுவது 2015இல் தொடங்கிய தேசிய போஸ்ட் டாக்டரல் ஃபெலோஷிப்பை. அப்போது இதை நடத்தியது 'செர்ப்' எனப்பட்ட அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம். 2024இல் அந்த வாரியம் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையில் கரைந்துவிட, ஃபெலோஷிப்பும் அங்கே போய்ச் சேர்ந்தது.

உதவித்தொகையும் முன்புபோல் அற்பமானதல்ல. 2019 ஜனவரியில் ஆய்வு மாணவர்கள் தலைநகரில் வீதிக்கு வந்து போராடினார்கள். அந்த ஆண்டு தொகை உயர்ந்தது. 2023இல் மீண்டும் உயர்ந்தபோது ஆராய்ச்சி அசோசியேட்டின் முதல் நிலைச் சம்பளம் ரூ. 47,000லிருந்து ரூ. 58,000 ஆனது. மூன்றாம் நிலைக்கு ரூ. 67,000. வீட்டு வாடகைப்படி தனி.

வயது என்னும் வாசல் காவலன்

ஆனால் பணத்தைவிடக் கறாரானவை தேதிகள். தேசிய ஃபெலோஷிப்புக்கு வயது வரம்பு 35. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகளுக்கு ஐந்து ஆண்டு சலுகை உண்டு. வாழ்நாளில் ஒரு முறைதான் பெறலாம். பிஎச்.டி. செய்த அதே நிறுவனத்தில் செய்ய முடியாது. வழிகாட்டும் விஞ்ஞானி நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் அவர் வைத்துக்கொள்ளக் கூடாது. விரும்பிய விஞ்ஞானியிடம் ஏற்கெனவே இருவர் இருந்தால், எவ்வளவு கெட்டிக்கார விண்ணப்பதாரரும் வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

அடுத்த படியான இன்ஸ்பயர் ஃபேகல்டி திட்டம் இன்னும் கவர்ச்சியானது. ஐந்து ஆண்டு, மாதம் ரூ. 1.25 லட்சம், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு ரூ. 7 லட்சம். ஆனால் பொதுப் பிரிவினருக்கு வயது 27 முதல் 32க்குள் இருக்க வேண்டும். 30 வயதில் பட்டம் வாங்கியவர் இரண்டு ஆண்டு போஸ்ட் டாக் முடித்துவிட்டு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று நினைத்தால், படிவம் வெளியாகும் நேரத்தில் வயது தாண்டிப் போயிருக்கும்.

தேர்வுக் குழுக்கள் கூடி, முடிவெடுத்து, ஆணை வந்து சேரப் பல மாதங்கள் ஆகின்றன. ஆகவே பட்டம் வாங்கிய பிறகு விண்ணப்பிக்கத் தொடங்குபவர் ஓராண்டைக் காத்திருந்தே கழிக்கிறார். இதைத் தவிர்க்கும் வழி விதியிலேயே இருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவர்களும் தேசிய ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் கிடைக்கும்வரை தொகை சற்றுக் குறையும், அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதும்போதே அடுத்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தையும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கே சறுக்குகிறார்கள்?

விண்ணப்பம் என்பது பெரும்பாலும் நான்கு காகிதங்கள்: ஆய்வுத் திட்டம், ஏற்றுக்கொள்ளும் விஞ்ஞானியின் சம்மதக் கடிதம், தன்விவரக் குறிப்பு, பரிந்துரைக் கடிதங்கள். நான்கிலும் வழுக்கும் இடங்கள் உண்டு.

முதலாவது, ஆய்வுத் திட்டம். பிஎச்.டி.யின் கடைசி அத்தியாயத்தை நீட்டி எழுதி அனுப்புவது வழக்கமான தவறு. படிப்பவருக்கு இவர் இன்னும் பழைய கைடின் மாணவர்தான் என்ற எண்ணம் வந்துவிடும். நேர் எதிரான தவறும் உண்டு: இரண்டு ஆண்டில் புற்றுநோயைத் தீர்ப்பேன், புது மின்கலம் கண்டுபிடிப்பேன் என்று வாக்குறுதி அளிப்பது. கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அதற்கு ஏன் இந்த ஆய்வகம் தேவை, இங்குள்ள எந்தக் கருவி, எந்தத் திறமை பயன்படும், முதல் ஆறு மாதச் சோதனை தோற்றால் அடுத்து என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சம்மதக் கடிதம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கும் ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பது பேரும் படிக்காமலே தள்ளிவிடுவார்கள். அந்த விஞ்ஞானியின் இரண்டு கட்டுரைகளையாவது படித்து, அவற்றில் விடுபட்ட ஒரு கேள்வியைச் சுட்டி பத்து வரி எழுதுபவருக்குப் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். கடைசித் தேதிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேட்டால் கையெழுத்து கிடைக்கலாம், யோசனை கிடைக்காது.

மூன்றாவது, தன்விவரம். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கூட்டக் காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களை நாடுவது ஆபத்து. இவற்றை வடிகட்டத்தான் யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டது. இனி இதழின் தரத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வாளருக்கும்தான்.

நான்காவது, பரிந்துரைக் கடிதம். 'ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்ற நான்கு வரிச் சான்றிதழ் நம் ஊர் வழக்கம். வெளிநாட்டுக் குழுவுக்கு அது எதையும் சொல்வதில்லை. எந்தச் சிக்கலை இவர் தனியாக அவிழ்த்தார், கடந்த பத்து ஆண்டில் அந்தப் பேராசிரியரிடம் பயின்றவர்களில் இவருக்கு எந்த இடம் என்பதே அவர்களுக்குத் தேவை. தான் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதிப் பேராசிரியரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடல் கடந்தால்

வெளிநாட்டுக் கனவிலும் கடிகாரம் ஓடுகிறது. ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்பில் நாட்டுக்கு இத்தனை, பாடத்துக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு இல்லை. ஆனால் போஸ்ட் டாக் பிரிவுக்குப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்லும் ஃபுல்பிரைட்-நேரு திட்டத்திலும் நான்கு ஆண்டுக் கணக்குதான். முடிந்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற விசா நிபந்தனையும் கூடவே வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப் எட்டு ஆண்டுவரை பொறுத்துக்கொள்கிறது.

அங்கே நெரிசல்தான் தாங்க முடியவில்லை. மேரி கியூரிக்கு 2024இல் 10,360 விண்ணப்பங்கள் வந்தன. ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குக் கிடைத்தது. 2025இல் விண்ணப்பங்கள் 17,058 ஆகப் பாய்ந்தன. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டது. செப்டம்பரில் புதிய எச்-1பி விசா மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. மேற்கே போக நினைத்தவர்களின் பாதை இன்னும் குறுகியது. ஐரோப்பியத் திட்டத்தில் இன்னொரு கண்டிப்பும் உண்டு: 70 சதவிகிதத்துக்குக் கீழ் மதிப்பெண் பெற்றவர் அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தோடு சேர்ந்து மறுபடி விண்ணப்பிக்க முடியாது. 'சும்மா ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்' என்பதற்கு அங்கே இடமில்லை.

போனவர்கள் திரும்பி வரவும் வழி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருக்கும் 40 வயதுக்குட்பட்ட இந்திய விஞ்ஞானிகளுக்கு ராமானுஜன் ஃபெலோஷிப். உயிரியல் துறையினருக்கு ராமலிங்கசுவாமி ஃபெலோஷிப். இரண்டுமே ஐந்து ஆண்டுகள். ஐந்தாம் ஆண்டின் முடிவில் நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இரண்டிலும் இல்லை.

இந்தக் கடிகாரம் பெண்களுக்கு இன்னும் வேகமாக ஓடுகிறது. போஸ்ட் டாக் வயதும் கல்யாணம், குழந்தை ஆகியவற்றின் வயதும் ஒன்றேதான். ஊர் மாற்றம் கட்டாயம் என்ற விதி, கணவரின் வேலை, மாமியார் வீடு எல்லாம் ஒரே நேரத்தில் மோதுகின்றன. இடைவெளி விழுந்த பெண்களை மீண்டும் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவர 2002-03இல் பெண் விஞ்ஞானிகள் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று வைஸ்-கிரண் என்ற பெயரில் அந்த முயற்சி தொடர்கிறது.

எந்தக் கதவு?

இத்தனையும் கடந்து வருபவர் முன்னால் இரண்டு கதவுகள். ஐ.ஐ.டி.க்களில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்குப் பிஎச்.டி.க்குப் பிந்தைய மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அங்கே போஸ்ட் டாக் ஆண்டுகள்தான் நுழைவுச் சீட்டு.

பல்கலைக்கழகங்களின் கதை வேறு. உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு அழைக்கப்படுபவர்களை வடிகட்ட 2018இல் யு.ஜி.சி. வகுத்த அட்டவணையைப் பாருங்கள். மொத்தம் 100. அதில் இளநிலைப் பட்ட மதிப்பெண்ணுக்கு அதிகபட்சம் 15, முதுநிலைக்கு 25, பிஎச்.டி.க்கு 30. ஆய்வுக் கட்டுரைகள் அனைத்துக்கும் சேர்த்து 10. போஸ்ட் டாக் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10க்கு மேல் கிடையாது. பாடம் நடத்திய அனுபவத்துக்கும் அதே 10தான். அதாவது, 23 வயதுக்குள் எழுதிய தேர்வுகளுக்கு 40. பிஎச்.டி. பட்டத்தைத் தவிர்த்து, 35 வயதுவரை செய்த ஆய்வுக்கு 20. வடிகட்டிய பிறகு இந்தக் கணக்கும் ஒதுக்கப்பட்டு நேர்காணல் முடிவு செய்கிறது. ஆறாவது ஆண்டு போஸ்ட் டாக் செய்பவருக்கு இந்த அட்டவணையில் ஒரு மதிப்பெண்கூடக் கூடாது.

இதற்கிடையே மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் இடங்கள் ஆயிரக்கணக்கில் காலியாகக் கிடப்பதை அரசே நாடாளுமன்றத்தில் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. தகுதியுள்ளவர்கள் வரிசையில், இடங்கள் பூட்டிய அறையில். ஆய்வுத் தொகையும் ஒழுங்காக வருவதில்லை. இன்ஸ்பயர் திட்டத்தில் மாதக்கணக்கில் பணம் வரவில்லை என்று 2025இல் ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே குரல் கொடுத்தார்கள். சேமிப்பில்லாத வீட்டிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு ஆறு மாதத் தாமதம் என்பது துறையையே விட்டுப் போவதற்குப் போதுமான காரணம்.

எனவே விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு தாளில் பிறந்த தேதியையும் பட்டத் தேதியையும் எழுதி, ஒவ்வொரு திட்டத்தின் கதவும் தனக்கு எந்த மாதம் மூடுகிறது என்று குறித்துக்கொள்வதுதான். இரண்டாவது, எந்தக் கதவை நோக்கி ஓடுகிறோம் என்று முடிவு செய்வது. ஐ.ஐ.டி. போன்ற ஆய்வு நிறுவனம் என்றால் பெயர் பெற்ற ஆய்வகமும் இரண்டு நல்ல கட்டுரைகளும் முக்கியம். பல்கலைக்கழகம் என்றால் நெட் தேர்ச்சியும் பாடம் நடத்திய அனுபவமும் சேர்ந்தே தேவை. மூன்றாவது, தனக்குத்தானே ஒரு கடைசித் தேதி வைத்துக்கொள்வது. அதற்குள் வேலை அமையாவிட்டால் தொழிற்சாலை ஆய்வுக்கூடம், மருந்து நிறுவனம், பள்ளி ஆசிரியர் பணி என்று திரும்புவதில் அவமானம் ஏதுமில்லை.

ஃபெலோஷிப் தருவது வேலை அல்ல. சில ஆண்டு அவகாசம். அது எத்தனை ஆண்டு என்பது படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லும் படிவத்தைத்தான் அரசு இன்னும் அச்சடிக்கவில்லை.