ஓடிக்கொண்டிருந்த தவறான பம்பு

2024 மார்ச் 26, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி ஆகப்போகும் நேரம். அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட ‘டாலி’ சரக்குக் கப்பலில் திடீரென்று மின்சாரம் போனது. ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள கப்பல். பணியாளர்கள் 21 பேரில் 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். மின்சாரம் வந்தது, மறுபடியும் போனது. சுமார் நான்கு நிமிடங்களில் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் கப்பல் மோதி, பாலம் ஆற்றில் விழுந்தது. பாலத்தின் மேல் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் விசாரித்து, 2025 நவம்பரில் முடிவைச் சொன்னது. ஒரு மின்கம்பியின் முனையில் பெயர்ச்சீட்டு மாட்டியிருந்தார்கள். அது சரியாக மாட்டப்படாததால் கம்பி அதற்குரிய முனையத்தில் முழுதாக உட்காரவில்லை. இணைப்பு தளர்ந்தது, பிரேக்கர் விழுந்தது.

பெங்களூரு அடுக்ககங்களில் கரெண்ட் போனால் சில நொடிகளில் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். நின்ற லிஃப்ட் நகரத் தொடங்கும். கப்பலில் விஷயம் அவ்வளவு எளிதல்ல. டாலியின் ஜெனரேட்டர்கள் 6,600 வோல்ட்டில் மின்சாரம் தந்தன. டிரான்ஸ்ஃபார்மர் அதை 440 வோல்ட்டாகக் குறைத்துப் பம்புகளுக்கும் விளக்குகளுக்கும் அனுப்பியது. அந்த வழி அடைபட்டதும் குளிர்நீர் பம்பு நின்றது. அது நின்றதால் பிரதான இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்தது. சுக்கானைத் திருப்பும் பம்புகளும் நின்றன. பணியாளர்கள் பதறாமல் ஒரு நிமிடத்துக்குள் பிரேக்கரைக் கையால் போட்டு மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பிறகு ஏன் இரண்டாம் முறை போனது? என்னை உறுத்துவது இந்தக் கேள்விதான். ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர்களுக்கு டீசல் கொடுத்தது, குழாய்களை அலசுவதற்காக வைக்கப்பட்ட ஒரு பம்பு. முறையான எரிபொருள் பம்பாக இருந்திருந்தால், மின்சாரம் வந்ததும் தானாகவே ஓடத் தொடங்கியிருக்கும். அலசும் பம்பை யாராவது போய்த்தான் போடவேண்டும். முதல் இருட்டில் அது நின்றது, நின்றபடியே கிடந்தது. குழாயில் அழுத்தம் குறைந்தது, ஜெனரேட்டர்கள் துவண்டன.

ஆயிரக்கணக்கான இணைப்புகளுக்கு நடுவே தளர்ந்த ஒற்றைக் கம்பியைக் கண்டுபிடிக்கவில்லை என்று யாரையும் நான் குறைசொல்ல மாட்டேன். பம்பு விஷயம் அப்படியல்ல. அது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தபடி, வாட்ச் எனப்படும் ஒவ்வொரு பணிமுறையிலும் ஓடிக்கொண்டிருந்தது. அழுத்தமானியில் முள் சரியான இடத்தில் நின்றது. அலாரம் எதுவும் அடிக்கவில்லை. பம்பைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததைச் சொல்ல அலாரம் கிடையாது. டாலியை நிர்வகித்த நிறுவனத்தின் இன்னொரு கப்பலிலும் இதே ஏற்பாடு இருந்ததை விசாரணை கண்டது. தற்காலிக வசதி வழக்கமாகிவிட்டால், புதிதாக வரும் இன்ஜினியர் அதையே முறை என்று கற்றுக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட தவறைக் காணவேண்டியவர் வாட்சில் இருப்பவர்தான். வாட்ச் முறை பழையது. பொதுவாக 12 முதல் 4 வரை தேர்ட் இன்ஜினியர், 4 முதல் 8 வரை செகண்ட், 8 முதல் 12 வரை ஃபோர்த். பகலும் இரவும் இப்படியே. பொறுப்பேற்க வருபவர் நேரத்துக்கு முன்பே வந்து, மேல்தட்டிலிருந்து கப்பலின் அடிப்பகுதியான பில்ஜ் வரை இறங்கி ஒரு சுற்றுப் பார்ப்பார். கையை வைத்து மோட்டாரின் சூட்டை அறிவார், பேரிங்கின் சத்தத்தைக் கேட்பார், எண்ணெய் வாடை வருகிறதா என்று கவனிப்பார். 220 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகக்கூடிய பரப்பு எதுவும் திறந்திருக்கக் கூடாது என்பது சர்வதேச விதி; அதன் மேல் டீசல் பீய்ச்சினால் தீப்பிடிக்கும். கழற்றிய இன்சுலேஷன் துண்டைத் திரும்ப மாட்டாமல் விட்டதைச் சென்சார் காட்டாது, சுற்றி வருபவர்தான் காணவேண்டும். இரவில் ஆளில்லாமல் இயங்கும் நவீன இன்ஜின் அறைகளிலும் மாலைச் சுற்றை விட முடியாது.

கண்டுபிடிக்க வேண்டியவருக்குத் தூக்கம் வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு என்கிறது சர்வதேச ஒப்பந்தம். சுவீடனில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஓய்வுப் பதிவேடுகளைத் திருத்தி எழுதுவது பரவலான வழக்கம் என்று காட்டியது. டாலி விபத்துக்குக் களைப்பு காரணமல்ல. ஆனாலும் பொய்ப் பதிவேடு எனக்கு அலசும் பம்பையே நினைவூட்டுகிறது. இரண்டையும் கப்பலில் எல்லாரும் அறிவார்கள்.

பொறுப்பேற்க வருபவர் பணிக்குத் தகுதியான நிலையில் இல்லை என்று தோன்றினால் வாட்சை ஒப்படைக்கக் கூடாது, சீஃப் இன்ஜினியரிடம் சொல்லவேண்டும் என்றும் விதி இருக்கிறது. விடியற்காலை 4 மணிக்கு ஒரு தேர்ட் இன்ஜினியர் தன் மேலதிகாரியான செகண்டைப் பற்றி அப்படிச் சொல்லவேண்டியிருக்கும். ‘சார், இந்தப் பம்பு ஏன் ஓடுகிறது?’ என்று கேட்பதற்கும் அதே துணிச்சல் தேவை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உட்பட, மரைன் இன்ஜினியரிங் கற்பிக்கும் இடங்களில் சிமுலேட்டரில் மின்சாரத்தை அணைத்துப் பயிற்சி தருவது மட்டும் போதாது. எல்லா முட்களும் சரியாக நிற்க, ஒரு தவறான பம்பை மட்டும் ஓடவிட்டு, மாணவர் அதைக் கேட்கிறாரா என்றும் பார்க்கவேண்டும்.