சிறுநீரக மாற்றமும் சரீரத்தின் சம்மதமும்

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்திற்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தை நம்பி ஜீவிக்கும் ஒருவருக்குக் குடும்பத்திலேயே ஒருவர் சிறுநீரகம் தர முன்வந்துவிட்டால், வீட்டார் முதலில் கேட்கும் கேள்வி, ‘ரத்த குரூப் சேருகிறதா?’ என்பதுதான். சேருகிறது என்று தெரிந்தவுடன், இனிப் பணம் புரட்டுவதும் நாள் குறிப்பதுமே பாக்கி என்று அவர்கள் ஆறுதல் கொள்கிறார்கள். அந்த ஆறுதல் அவசரமானது. ரத்தப் பிரிவு பல பரீட்சைகளில் முதலாவது மட்டுமே என்பதையும், மற்றப் பரீட்சைகளின் முடிவுகளைக் கேட்டறியும் உரிமை நோயாளிக்கும் கொடையாளிக்கும் உண்டு என்பதையும், அறுவை முடிந்த பிறகும் வந்து சேர்ந்த அவயவத்தை ஆயுள் முழுவதும் மருந்தினால் காத்துவர வேண்டும் என்பதையும் சாமானிய ஜனங்களுக்கு நிதானமாக எடுத்துச் சொல்வோர் குறைவு.

தனக்கு அந்நியமான எதையும் இனங்கண்டு அழிக்கும் சுபாவம் நம் சரீரத்திற்கு உண்டு. கிருமியை அழிக்கும் அதே சக்தி, உயிர் காக்க வந்த சிறுநீரகத்தையும் கிருமியாகவே கருதுகிறது. 1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்னும் அறுவை நிபுணர் முதல் வெற்றியைக் கண்டபோது, கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைச் சகோதரர்களாக இருந்ததால், பெற்ற சரீரத்திற்கு அந்தச் சிறுநீரகம் அந்நியமாகத் தோன்றவேயில்லை. அந்தப் பாக்கியம் இல்லாத மற்றெல்லோருக்கும் பொருத்தத்தை அளந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அளவுகோலுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். 1958-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஷான் தொசே இவ்வகையின் முதல் அடையாளத்தைக் கண்டறிந்தார். வெள்ளணுக்களின் மேற்பரப்பில் காணப்படும் இந்த அடையாளப் புரதங்களில் ஏ, பி, டி.ஆர். என்ற மூன்று வகைகளைப் பிரதானமாகப் பார்க்கிறார்கள். தந்தை வழியில் ஒரு தொகுதி, தாய் வழியில் ஒரு தொகுதி என வருவதால் மொத்தம் ஆறு. ஆகவே பெற்றோருக்கும் பிள்ளைக்கும் குறைந்தது பாதிப் பொருத்தம் நிச்சயம். உடன்பிறந்தாருக்குள் நாலில் ஒரு பங்கு முழுப் பொருத்தத்திற்கும், நாலில் ஒரு பங்கு இரு தொகுதியும் வேறாகிப்போவதற்கும், எஞ்சிய இரு பங்கு பாதிப் பொருத்தத்திற்கும் வாய்ப்பு. கணவன் மனைவியருக்குள் ஒன்றுகூடச் சேராமல் போகலாம்; ஆயினும், இக்கால மருந்துகளின் பலத்தால் தம்பதியர் தந்த சிறுநீரகங்களும் பல்லாண்டு நன்றாகவே வேலை செய்கின்றன. எண் குறைந்தால் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம், ஆறும் சேர்ந்துவிட்டால் மாத்திரையில் அசிரத்தை காட்டவும் வேண்டாம்.

உண்மையில் அறுவையைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் படைத்தது ‘கிராஸ் மேட்ச்’ என்னும் பரீட்சை. கொடையாளியின் ரத்தத்திலிருந்து லிம்போசைட் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்து, நுண்ணிய குழிகள் கொண்ட தட்டில் இட்டு, நோயாளியின் ஸீரத்தையும் அதனோடு காம்ப்ளிமென்ட் என்னும் புரதக் கலவையையும் சேர்த்து, சற்று நேரம் கழித்துச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அணுக்கள் உயிரோடிருந்தால் ‘நெகடிவ்’, அதாவது நல்ல செய்தி. மடிந்து சாயத்தை உறிஞ்சியிருந்தால் ‘பாசிடிவ்’, அதாவது அந்தச் சிறுநீரகத்தை அழிக்க நோயாளியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் முன்கூட்டியே தயாராக நிற்கிறது என்று பொருள். 1969-இல் பட்டேல், டெராசாகி என்ற இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாசிடிவ் என்று வந்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே பழுதுபட்டது. நெகடிவ் என்று வந்த 195 பேரில் அவ்வாறு நேர்ந்தது 8 பேருக்கே. இன்று இதனினும் நுட்பமான ஃப்ளோ கிராஸ் மேட்ச் பரீட்சையும், கொடையாளிக்கு எதிரான எதிர்ப்பொருளைப் பெயர் சொல்லிக் காட்டும் டி.எஸ்.ஏ. பரீட்சையும் உண்டு.

இவ்விடத்தில் பெண்களைப் பற்றித் தனியே சொல்வது கடமையாகிறது. கருவுற்ற காலத்தில், தந்தையின் அடையாளங்களைத் தாங்கிய சிசுவின் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலக்க, அவற்றுக்கு எதிரான பொருள்கள் அவள் உடலில் தோன்றி நீண்டகாலம் தங்கிவிடக்கூடும். பின்னொரு நாள் அவளுக்கே சிறுநீரகம் தேவைப்பட்டு, கணவனோ பெற்ற பிள்ளையோ அன்போடு தர முன்வரும்போது, அந்தப் பழைய எதிர்ப்பு குறுக்கே நிற்கலாம். எத்தனை முறை கருவுற்றீர்கள், கலைந்த கருக்கள் உண்டா என்று வைத்தியர் கேட்டால், கூச்சத்தை விட்டு உள்ளபடியே சொல்லிவிட வேண்டும். ரத்தம் ஏற்றிக்கொள்வதும் இத்தகைய எதிர்ப்பை உண்டாக்கும். ஆகவே மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர், ரத்தசோகைக்கு இரும்புச் சத்தும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போதாவா, ரத்தம் ஏற்றியே தீர வேண்டுமா என்று கேட்பது முற்றிலும் நியாயம். இடையில் ரத்தம் ஏற்றியிருந்தால், பழைய கிராஸ் மேட்ச் முடிவை நம்பாமல் அறுவைக்கு முன் மறுபடியும் செய்துகொள்ள வேண்டும்.

பொருந்தவில்லை என்றால் கதவு அடைபட்டுவிட்டது என்பதில்லை. இரு குடும்பங்கள் தத்தம் கொடையாளிகளைப் பரஸ்பரம் மாற்றிக்கொள்ளும் ‘ஸ்வாப்’ முறையை 2011-இல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் அனுமதிக்கிறது. பிளாஸ்மாவைச் சுத்திகரித்து எதிர்ப்பொருளைக் குறைத்தபின் மாற்றும் முறையும் உண்டு. மூளைச்சாவு அடைந்தோரின் தானத்திற்கு, தமிழ்நாட்டில் டிரான்ஸ்டான் அமைப்பின் வரிசையில் பதிந்து காத்திருக்கலாம்.

அறுவைக்குப் பிறகு வரும் நிராகரிப்பு சில சமயம் நிமிஷங்களிலும், பெரும்பாலும் முதல் சில வாரங்களிலோ மாதங்களிலோ, சிலருக்குப் பல ஆண்டுகளில் மெதுவாகவும் நேர்கிறது. சிறுநீர் குறைதல், கால் வீக்கம், எடை கூடுதல், ஜுரம், சிறுநீரகம் வைத்த இடத்தில் வலி ஆகியவை அடையாளங்கள். ஆயினும் இவை எதுவும் இல்லாமலேயே, ரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு மட்டும் உயர்வதுதான் சகஜம். 1.1 என்றிருந்தது 1.5 ஆனால், அடுத்த மாதப் பரிசோதனை வரை பொறுக்காமல் அன்றே மருத்துவமனையோடு பேச வேண்டும். பயாப்ஸி செய்து உறுதிப்படுத்திக் காலத்தில் சிகிச்சை தொடங்கினால், திடீர் நிராகரிப்பைப் பெரும்பாலும் அடக்கிவிட முடியும்.

மாத்திரை விஷயத்தில் நம்மவர் செய்யும் தவறுகள் பல. நிராகரிப்பைத் தடுக்கத் தரும் டாக்ரோலிமஸ் என்னும் மருந்தின் அளவு ரத்தத்தில் சற்றுக் குறைந்தால் நிராகரிப்பு, சற்று மிகுந்தால் சிறுநீரகத்திற்கே விஷம். அந்த அளவைப் பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில், காலை மாத்திரையை வீட்டில் விழுங்கிவிட்டு வந்தால் பரீட்சையே பொய்த்துப்போகும். கையில் கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகே சாப்பிட வேண்டும். கடைக்காரர் ‘அதே மருந்துதான், வேறு கம்பெனி’ என்று நீட்டினால், வைத்தியரைக் கேட்காமல் வாங்கலாகாது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் அளவைச் சரித்துவிடும். சில பூஞ்சை மருந்துகளும் கிளாரித்ரோமைசினும் பம்பளிமாஸ் பழமும் ஏற்றிவிடும். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் லேகியமும் கஷாயமும், எந்தச் சக்தியை அடக்கி வைக்க வேண்டுமோ அதையே தூண்டுவதாகச் சொல்லப்படுபவை. அவற்றை விலக்குவதே விவேகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை சேர்ந்திருப்பதால், செலவுக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியாக்குவதற்கு முன் அரசு மருத்துவமனையை அணுகுங்கள்.

இனி உரிமைகள். சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்று வழிகள் ஆகியவற்றைப் போதுமான அளவு விளக்கிப் பெறுவதே சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவதோடு அந்தக் கடமை தீர்ந்துவிடாது. எச்.எல்.ஏ., கிராஸ் மேட்ச் முடிவுகள் அடங்கிய மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால், 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது 2002-இன் மருத்துவ ஒழுக்க விதி. நிராகரிப்பு நேர்ந்தது என்பதனாலேயே வைத்தியர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். எல்லா ஜாக்கிரதையையும் மீறி அது வருவதுண்டு. ஆனால், கிராஸ் மேட்ச் செய்யாமலோ, பாசிடிவ் முடிவை மறைத்தோ அறுவை நடந்திருந்தால், கட்டணம் வாங்கிய மருத்துவமனையின்மீது இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்திலும், வைத்தியர்மீது மாநில மருத்துவக் கவுன்சிலிலும் முறையிடலாம்.

சிறுநீரகத்தை விலைக்கு வாங்குவதும் விற்பதும் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். இன்று அதற்கு ஐந்து முதல் பத்தாண்டுச் சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில், கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளரின் சிறுநீரகங்கள் தரகர் மூலம் விலைபோன செய்தி வெளிவந்தபோது மனம் பதறாதவர் யார்? தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து, உறவென்று சொல்லக் காகிதம் தயார் செய்கிறேன் என்றால், பணம் பெறுபவரும் அதே சட்டப்பிரிவுக்குள் சிக்குவார் என்பதை அவர் சொல்லமாட்டார்.

உண்மையான உறவினராகிய கொடையாளிக்கும் ஓர் உரிமை உண்டு. அதை வீட்டுக்குள் யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ இருக்கும் அவர், எல்லாப் பரீட்சைகளும் முடிந்து அறுவைக் கூடத்துக்குச் செல்லும் நாளன்றுகூட, ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று சொல்லி விலகிக்கொள்ளலாம். அதை உறவினர் முன்னிலையில் சொல்லத் தயங்குபவர் வைத்தியரிடம் தனியே பேச நேரம் கேட்கலாம். அவரது மறுப்பை வெளியிடாமல், ‘இவர் கொடையாளியாக ஏற்றவரல்லர்’ என்று மட்டும் குடும்பத்தாரிடம் தெரிவிப்பது வைத்தியர் கைக்கொள்ளும் வழக்கம்.